பெயரோ காட்டுக்கு, விலையோ மாளிகைக்கு!

ஆற்றைக் கடக்கும் வண்டியின் படத்தைக் காட்டி, ஆற்றங்கரையிலேயே நின்றுவிடும் வண்டியின் விலையைச் சொல்வது வியாபாரமா, வஞ்சனையா? இக்கேள்வியை இன்று நாம் பகிரங்கமாக எழுப்புகின்றோம்.

2020 மார்ச்சில் இந்நாட்டிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் பழைய வண்டிக்கு ஒட்டுப்போட்டு ஓட்டிய மக்கள் முன்னே, புதிய ஜீப்புகளின் விலைத்தாள்கள் இப்பொழுது விரிக்கப்படுகின்றன. பளபளக்கும் தாள், பல வண்ணப் படம், படத்திலே மலை, சேறு, வெள்ளம். ஆனால் அத்தாளின் வரிகளை ஒரு சட்டத்தரணியின் கண்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தவர் எத்தனை பேர்?

வன்னிப் பகுதியைச் சேர்ந்த கமக்காரர் அமைப்பொன்றின் நிருவாகிகள் மூவர் சில மாதங்களின் முன் எமது அலுவலகத்துக்கு வந்தனர். அமைப்பின் பெயரால் கூட்டாக ஒரு ஜீப் வாங்குவது அவர்தம் நோக்கம். மாரியிலே லொறி புகாத தெருவால் விதைநெல்லும் பசளையும் கொண்டு செல்லவேண்டும். இரவிலே பிரசவ வேதனைப்படும் பெண்ணைக் குளக்கட்டு வழியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். வேறு ஆசை எதுவும் அவர்களுக்கு இல்லை. கையிலே ஒரு விற்பனை நிலையத்தின் விலைத்தாள். ஒப்பமிடுமுன் எம்மிடம் காட்ட வந்தனர்.

“ஐயா, இதிலே எங்கடை குளக்கட்டு ஏறுகிற வண்டி எந்த வரியிலே இருக்கிறது?” என்று மூத்தவர் கேட்டார்.

நாம் தேடினோம். பெரிய எழுத்திலே அச்சிட்ட விலை பின்சில்லு இரண்டு மாத்திரம் உந்தும் வண்டிக்குரியது. மக்கள் ‘போர் வீல்’ என்று வழங்கும் நான்கு சில்லு இழுவை, பட்டியலின் மேற்படிகளிலேதான் இருந்தது. அப்படிக்கு ஏறினால் கண்ணாடிக் கூரையும் தோல்போன்ற இருக்கையும் பாட்டுப் பெட்டியும் உடன்வரும். வேண்டாமென்று விலக்கி விலையைக் குறைக்க வழியில்லை.

“வானம் பார்க்கக் கண்ணாடிக் கூரை எங்களுக்கு எதற்கு ஐயா? வயலிலே நின்றால் வானம் தெரியாதோ?” என்றார் அப்பெரியவர். அவர் கேட்டதை விடச் சிறந்த குறுக்கு விசாரணையை நாம் நீதிமன்றங்களிலும் அதிகம் கேட்டதில்லை.

சான்று இதோ!

ஒரு விற்பனை நிலையத்தின் தாளை வைத்து உலகத்தைப் பழிப்பது நீதியன்று. ஆதலின், பலரறிய வெளியிடப்பட்ட ஒரு விலைப்பட்டியலை எடுத்து ஆராய்வோம். அயல்நாடாகிய இந்தியாவிலே மகிந்திரா நிறுவனம் 2024 ஓகஸ்டில் ‘தார் ரொக்ஸ்’ என்னும் ஐந்து கதவு ஜீப்பை வெளியிட்டது. 12.99 இலட்சம் இந்திய ரூபாவிலிருந்து விலை தொடங்குகிறது என்று அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் அந்த எண்ணே பேச்சாயிற்று. ஆனால் அது பெற்றோலில் இயங்கி, பின்சில்லு இரண்டினால் மாத்திரம் உந்தப்படும் அடிப்படி வண்டியின் விலை. நான்கு சில்லு இழுவையுள்ள வண்டிகளின் விலை அன்று வெளிவரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, செப்ரெம்பர் இறுதியிலேதான் வெளிவந்தது. அதன் தொடக்கம் 18.79 இலட்சம்!

இரண்டு எண்களுக்கும் இடையே 5.80 இலட்சம் ரூபா. முதலிற் சொன்ன விலையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு!

நான்கு சில்லு இழுவைக்குக் கூடுதற் செலவு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. முன்னச்சுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி வேண்டும். சேற்றிலும் செங்குத்திலும் மெல்ல ஊர்ந்து ஏறத் தாழ்ந்த கியர் வேண்டும். இவை இரும்பும் உழைப்பும் சேர்ந்த பொருள்கள். இனாமாகக் கிடைப்பவை அல்ல. ஆனால் அச்செலவு எவ்வளவு? அதையும் அப்பட்டியலே காட்டிக்கொடுக்கிறது.

டீசல் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் உடைய வண்டிகளை மாத்திரம் ஒப்புநோக்குவோம். எம்எக்ஸ்1 எனப்படும் அடிப்படி 13.99 இலட்சம். எம்எக்ஸ்5 எனப்படும் படி, இரண்டு சில்லு உந்தலோடு 16.99 இலட்சம். அதே எம்எக்ஸ்5, நான்கு சில்லு இழுவையோடு 18.79 இலட்சம். ஆகவே இழுவைக்காக நிறுவனமே வைத்த விலை 1.80 இலட்சம். அடிப்படிக்கும் எம்எக்ஸ்5 படிக்கும் இடைப்பட்ட 3 இலட்சமோ வேறு வகையானது. கண்ணாடிக் கூரை, தோலை நிகர்த்த இருக்கை, அழகிய உலோகச் சில்லு முதலியன அதனுள் அடங்கும். பயன்தரும் பொருள்கள் சிலவும் அவற்றுள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இனிக் கணக்குப் பார்ப்போம். அடிப்படி வண்டியிலே இழுவையை மாத்திரம் பூட்டினால் 13.99 உடன் 1.80 சேர்ந்து 15.79 இலட்சம். இரும்புச் சில்லோடு சேற்றில் இறங்கக்கூடிய உழைப்பாளியின் வண்டி அது. அந்த வண்டிதான் பட்டியலில் இல்லை! 1.80 இலட்சம் பெறுமதியான பொருளை வாங்கும் உரிமையைப் பெறுவதற்கு, முதலில் 3 இலட்சத்துக்கு அலங்காரம் வாங்கவேண்டும். அரிசி வேண்டுமென்று கடைக்கு வந்தவனிடம், பட்டுச் சால்வை வாங்கினாற்றான் அரிசி என்று சொல்வதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

இந்நிறுவனத்துக்குரிய நியாயத்தையும் மறையாது சொல்வோம். விபத்திலே உயிர்காக்கும் காற்றுப்பைகள் ஆறும், வண்டி சறுக்காது காக்கும் கருவியும் அடிப்படி உட்பட எல்லாப் படிகளிலும் கொடுக்கப்பட்டன. இது பாராட்டுக்குரியது. உயிர் காக்கும் பொருளைப் பணக்காரனின் படியிலே மாத்திரம் வைப்பது தவறென்று இந்தக் கைத்தொழில் உணரத் தொடங்கியிருக்கின்றது. அவ்வாறாயின் எமது கேள்வி இன்னும் கூர்மையாகின்றது. காட்டுவழிக்கென்று விற்கும் வண்டிக்கு நான்கு சில்லு இழுவை அன்றோ உயிர்? அதை மாத்திரம் மேற்படியிலே பூட்டி வைப்பானேன்?

2025 செப்ரெம்பரில் இந்திய வரி மாற்றத்தோடு இவ்விலைகளும் மாறின. எமது வாதம் எண்ணைப் பற்றியதன்று, படிகளைக் கட்டிய முறையைப் பற்றியது. ஒரு நிறுவனத்தைப் பற்றியதுமன்று. உலகெங்கும் வாகனக் கம்பனிகள் பலவும் இந்த ஏணியைத்தான் சாத்தி வைத்திருக்கின்றன.

ஏணி இல்லாத காலம்

‘இதுவே வியாபாரத்தின் இயல்பு, என்றும் இப்படித்தான்’ என்று சிலர் சொல்வர். வரலாறு அவர்களுக்குச் சாட்சி சொல்லாது.

1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே லாண்ட் ரோவர் முதன்முதல் மக்கள் முன் வைக்கப்பட்டது. அதன் விலை 450 பவுண். யுத்தத்துக்குப் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அலுமினியத்தாற் செய்த உடல். கமத்துக்கும் கரடுமுரடான தெருவுக்கும் என்று உருவாக்கிய வண்டி அது. அவ்வண்டியிலும் மேலதிகப் பணம் கொடுத்து வாங்கவேண்டிய பொருள்கள் ஆரம்பத்திலே இருந்தன. எவை தெரியுமா? கதவு போன்றவை! கதவுக்கு வேறு காசு கேட்டார்கள். நான்கு சில்லு இழுவைக்குக் கேட்கவில்லை. எது வண்டியின் உயிர், எது மேற்பூச்சு என்பதை அன்றைய பொறியியலாளர் அறிந்திருந்தனர். இன்று கதவு இனாம், கண்ணாடித்திரை இனாம், உயிருக்குத்தான் விலை!

தார் என்னும் பெயரின் கதையையே பாருங்கள். 2020 ஒக்ரோபரில் வெளிவந்த மூன்று கதவுத் தார் வண்டிகள் அனைத்துக்கும் நான்கு சில்லு இழுவை இருந்தது. 2023 சனவரியில் அதே உருவத்தோடும் அதே பெயரோடும் பின்சில்லு மாத்திரம் உந்தும் வண்டி 9.99 இலட்சத்துக்கு வந்தது. மலிவு வண்டி வருவதை நாம் எதிர்க்கவில்லை. நகரத்தில் வசிப்பவன் அதை வாங்கட்டும். அது அவன் உரிமை. ஆயின் பெயர் ஒன்று, உருவம் ஒன்று, விளம்பரப் புகழ் ஒன்று. உள்ளிருக்கும் பொருள் மாத்திரம் இரண்டு என்றால், அறியாதவன் ஏமாறுவதற்கு அதைவிட வேறு ஏற்பாடு வேண்டுமா?

“வாங்குவோர் கேட்கின்றனர்!”

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதைக் கேளாது தீர்ப்புச் சொல்ல நாம் ஒருப்படோம். வாங்குவோர் அலங்காரத்தைத்தான் விரும்புகின்றனர். பெரும்பாலோர் சேற்றிலே இறங்குவதேயில்லை. அவர்கள் கேட்பதை நாம் கொடுக்கிறோம் என்கின்றனர் வியாபாரிகள். தார் ரொக்ஸ் வண்டிக்குப் பதிவு திறந்த முதல் ஒரு மணி நேரத்திலே 1,76,218 பேர் பதிந்தனர் என்று நிறுவனம் அறிவித்தது. இதைவிட மக்கள் சம்மதம் வேண்டுமா என்று கேட்கலாம்.

நாம் வேறொரு சான்றை எதிர் நிறுத்துகிறோம். சுசுகி நிறுவனத்தின் ஐந்து கதவு ஜிம்னி 2023 யூனில் இந்தியாவிலே 12.74 இலட்சத்துக்கு வெளிவந்தது. படிகள் இரண்டு, இரண்டிலும் நான்கு சில்லு இழுவை உண்டு, தாழ்ந்த கியர் உண்டு, காற்றுப்பை ஆறும் உண்டு. மேற்படியிலே ஏறினால் அலங்காரம் கூடுமேயன்றி வண்டியின் உயிர் மாறாது. இந்தியாவில் அது பெருவாரியாக விற்கவில்லை என்பது உண்மை. இங்கேதான் எதிர்த்தரப்பார் மகிழ்ச்சியோடு எழுந்து நிற்பர்.

சற்றே அமர்க! அதே ஐந்து கதவு ஜிம்னி, இந்தியத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு, 2025 சனவரி 30ஆம் திகதி யப்பானிலே ‘நோமாட்’ என்னும் பெயரோடு அறிவிக்கப்பட்டது. அன்று அதன் விலை 26,51,000 யென் முதல். படி எத்தனை? ஒன்றே ஒன்று! கியர் கையால் மாற்றுவதா, தானாக மாறுவதா என்பது மாத்திரமே வாங்குவோனின் தெரிவு. மாதம் 1,200 வண்டி விற்பதே நிறுவனத்தின் அன்றைய திட்டம். சில நாள்களுள் ஏறத்தாழ 50,000 கட்டளைகள் குவிந்தன. பெப்ரவரி 3ஆம் திகதி கட்டளை ஏற்பதையே நிறுத்தவேண்டி வந்தது!

ஏணி இல்லாவிடில் வியாபாரம் இல்லை என்பார் இதற்கு என்ன விடை சொல்வர்? ஒரே படி, எல்லார்க்கும் ஒரே உயிர், வாசலிலே நெருக்கடி. மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம் என்போர், மக்களுக்கு எதைக் காட்டினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். வைத்த இலையிலே இல்லாத கறியை எவனும் ருசித்ததில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

விலைப்பட்டியல் ஒப்பந்தம் அன்று. பேரத்துக்கு வருமாறு விடுக்கும் அழைப்பே அது. சட்டக் கல்லூரியின் முதல் ஆண்டிலேயே எமக்குக் கற்பித்த பாடம் இது. ஆதலாற் பெரிய எழுத்திலே மலிந்த விலையைப் போட்டவனை, அந்த விலைக்கே நான்கு சில்லு வண்டியைத் தா என்று நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. சிறிய எழுத்து அவனைக் காப்பாற்றிவிடும்.

எனினும் சட்டம் முற்றாகக் கண்மூடியிருக்கவில்லை. வருணனைப்படி விற்கும் பொருள் அவ்வருணனைக்கு இசைந்திருக்கவேண்டும் என்று இந்நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. நுகர்வோரைத் தவறான வழியிற் செலுத்தும் நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவிலே 2022 யூனில் வந்த விளம்பர வழிகாட்டு விதிகள், மலிந்த விலையைக் காட்டி மக்களை இழுக்கும் ‘தூண்டில் விளம்பரம்’ என்பதையே பெயர் சொல்லி வரையறுத்துள்ளன.

நாம் எடுத்துக்காட்டிய நிறுவனங்கள் இவற்றை மீறின என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தின் எழுத்துக்கு அமைவாகவே இத்தனையும் நடைபெறுகின்றன என்பதன்றோ எமது குற்றச்சாட்டு! எழுத்தின்படி எல்லாம் சரி. எளியவன் கையிலே மாத்திரம் தவறான வண்டி.

குதிரை தள்ளியது; குழியும் பறித்தது

கம்பனிகளோடு எமது வழக்கு முடியவில்லை. இரண்டாம் எதிரி அரசாங்கம்.

2025இல் இந்நாட்டில் வண்டி இறங்கியபோது சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, எஞ்சினின் கொள்ளளவுக்கு ஏற்றபடி உற்பத்தி வரி, குறித்த பெறுமதிக்கு மேற்பட்டால் சொகுசு வரி, வண்டியின் பெறுமதியோடு தீர்வைகளையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையின் மேல் நூற்றுக்கு 18 வீதம் பெறுமதி சேர் வரி. வரிமேல் வரி! நாட்டின் அந்நியச் செலாவணியைக் காக்க வரி வேண்டும் என்பதை 2022ஆம் ஆண்டின் வரிசைகளிலே காத்துநின்ற எவரும் மறுக்கார். ஆயின் அவ்வரி எதைப் பார்க்கிறது? எஞ்சினின் அளவையும் வண்டியின் பெறுமதியையும் பார்க்கிறது. வண்டி செய்யப்போகும் வேலையைப் பார்க்கவில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். இழுவைக்காக மேற்படிக்கு ஏறவேண்டிய கமக்காரன், தான் கேளாத கண்ணாடிக் கூரைக்கும் விலை கொடுக்கிறான். அக்கூரை வண்டியின் பெறுமதியைக் கூட்டுவதால், அதன்மேல் தீர்வையும் கொடுக்கிறான். அத்தீர்வையின் மேல் பெறுமதி சேர் வரியும் கொடுக்கிறான். கம்பனி சாத்திய ஏணியின் ஒவ்வொரு படியையும் அரசாங்கம் இன்னும் உயர்த்தி வைக்கிறது. குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்த கதை இதுவே.

இக்குழியிலே விழாத ஒரு கூட்டமும் இந்நாட்டில் இருந்தது. பாராளுமன்ற உறுப்பினர்க்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் வழங்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியதையும், அப்பத்திரமே கைமாறி விலைபோனதையும் நாடறியும். வரியை விதித்த கை, வரியிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது. நான்கு சில்லு ஜீப் மாநகரத்தின் தார்த்தெருவிலே ஓடிற்று. சேற்றுத் தெருவிலே மாட்டு வண்டி நின்றது. இதைச் சொல்லும்போது பிறரை மாத்திரம் சுட்டி நாம் தப்பிக்கொள்ள விரும்பவில்லை. தமிழ் மக்களின் வாக்கைப் பெற்றுச் சென்றோரும் இச்சலுகையை நீட்டிய கையோடு பெற்றுக்கொண்டனர். அன்று எமது மேடைகளிலே அதைக் கண்டித்த குரல்கள் மிகச் சிலவே. அம்மௌனத்தில் எமக்கும் பங்குண்டு.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் இத்தீவைப் புரட்டியபோது, மலையகத்திலே மண் சரிந்தது, தெருக்கள் அறுந்தன, ஊர்கள் தனித்தீவாயின. அந்நாள்களிலே நான்கு சில்லு இழுவை என்பது சொகுசா, அத்தியாவசியமா என்று எவரும் பட்டிமன்றம் நடத்தவில்லை. வெள்ளம் வடிந்ததும் அப்பாடமும் வடிந்துவிடக் கூடாது.

நாம் கேட்பது யாது?

முதலாவது: வண்டியின் படம் சேற்றிலே நிற்குமாயின், படத்தின் கீழே போடும் விலையும் சேற்றிலே நிற்கும் வண்டியின் விலையாகவே இருக்கவேண்டும். இரண்டு சில்லு வண்டியின் விலையை அச்சிடும் அதே பருமனான எழுத்திலே நான்கு சில்லு வண்டியின் தொடக்க விலையையும் அச்சிடுமாறு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பணிக்கவேண்டும்.

இரண்டாவது: நான்கு சில்லு இழுவையும் தாழ்ந்த கியரும் உயிர்காப்புக் கருவிகளும் கொண்டு, அலங்காரம் எதுவும் இல்லாத ‘உழைப்புப் படி’ ஒன்று ஒவ்வொரு ஜீப்பின் பட்டியலிலும் அடியிலே இருக்கவேண்டும். இறக்குமதியாளர் இதைக் கம்பனிகளிடம் கேட்டுப் பெறலாம். யப்பானியர்க்கு ஒரே படி போதுமாயின் எமக்கும் போதும்.

மூன்றாவது: கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கிராமத்து வைத்தியசாலைகளும் கூட்டாக வாங்கும் உழைப்புப் படி வண்டிக்கு வரிச்சலுகை வழங்கவேண்டும். பத்திரம் கைமாறாதபடி, வண்டி அமைப்பின் பெயரிலேயே நிற்கவேண்டுமென்ற நிபந்தனையும் அதனோடு சேரட்டும். பாராளுமன்ற உறுப்பினர்க்குக் கொடுக்க முடிந்த நாடு, நெல் விளைப்பவனுக்குக் கொடுக்க முடியாதென்று எந்த முகத்தோடு சொல்லும்?

வாசகர்களே! அதுவரை உங்கள் கையிலே ஓர் ஆயுதம் உண்டு. விலைத்தாளை நீட்டும் விற்பனையாளரிடம் பெரிய எழுத்தைப் பற்றிக் கேளாதீர்கள். “நான்கு சில்லும் இழுக்கும் வண்டி எந்த வரியில் இருக்கிறது? இழுவைக்கு மாத்திரம் விலை என்ன? மற்றவை எதற்கு?” என்று கேளுங்கள். எழுத்திலே விடை வாங்குங்கள். வாங்கிய பின்னரே ஒப்பமிடுங்கள்.

எம்மிடம் வந்த மூவரும் அன்று ஒப்பமிடவில்லை. விலைத்தாளை நாலாக மடித்து, சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு ஊர் திரும்பினர். அந்த மாரியிலும் அவர்களது விதைநெல் உழவு இயந்திரப் பெட்டியிலேதான் போயிற்று. அடுத்த மாரிக்கும் அப்படியே போகவேண்டுமா என்பதைக் கம்பனிகளும் அரசாங்கமும் மாத்திரம் தீர்மானிக்க விடலாகாது. கேட்கவேண்டியவர் நாம், கேட்போம்!